கால் நோகிற நேரத்தில் காலைப் பாருங்கள்

மாரி முடிந்து தை பிறந்ததும் யாழ்ப்பாணத்துப் பாடசாலை மைதானங்களில் சுண்ணாம்புக் கோடுகள் விழத் தொடங்கும். முதலில் இல்ல மெய்வல்லுநர் போட்டி. பிறகு வலயம், மாகாணம், தேசியம் என்று ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை சேறாய்க் கிடந்த மைதானம் சில கிழமைகளிலேயே காய்ந்து இறுகிவிடும். மழைக்காலம் முழுக்க ஓடாமலிருந்த பிள்ளைகள் அந்த இறுகிய தரையில் காலையும் மாலையும் ஓடத் தொடங்குவார்கள். மாசி வரும்போது என்னிடம் வருகிறவர்கள் எல்லாரும் ஒரே வசனத்தைச் சொல்வார்கள்: "முழங்காலுக்குக் கீழ நோகுது, சேர்."

நான் இயன்மருத்துவம் (பிசியோதெரபி) செய்கிறேன். பின்னேரங்களில் மைதானங்களுக்கும் போவதுண்டு. அந்த ஒரு வசனத்துக்குள் குறைந்தது ஐந்து வேறு வேறு நோய்கள் இருக்கலாம் என்பதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுத விரும்புகிறேன். எலும்பின் மேலுறையில் வரும் நோவு, எலும்பிலேயே விழும் மெல்லிய வெடிப்பு, தசை தன் உறைக்குள் நெரிபடுவது, இரத்தக்குழாய் நெரிபடுவது, நரம்பு நெரிபடுவது. ஒன்றுக்குச் செய்கிற வைத்தியம் இன்னொன்றைக் கெடுக்கும். ஆனால் மைதானத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்துதான்: சித்தாலேப பூசு, ஒரு பனடோல் போடு, மீட் முடியட்டும் பார்ப்பம்.

இதை மாற்றுவதற்குப் பெரிய இயந்திரங்கள் தேவையில்லை. நோவு எப்போது தொடங்குகிறது, ஓட்டத்தை நிறுத்தினால் எவ்வளவு நேரத்தில் போகிறது என்று முதலில் கேட்க வேண்டும். பிறகு நோகிற அந்த நேரத்திலேயே காலைத் தொட்டுப் பார்க்க வேண்டும். இதில் இரண்டாவதைத்தான் கிட்டத்தட்ட யாருமே செய்வதில்லை.

5000 மீற்றர் ஓடுகிற ஒரு பையனைச் சொல்கிறேன். ஓடத் தொடங்கிப் பத்து நிமிடம் போல ஒன்றுமே இருக்காது. அதன்பின் இரண்டு கால்களிலும் முன்பக்கம், எலும்புக்கு வெளிப்பக்கமாக இருக்கிற தசை இறுகத் தொடங்கும். இன்னும் ஓடினால் பாதத்தைத் தூக்க வராது. ஒவ்வொரு அடிக்கும் பாதம் தரையில் சத்தமாக விழும். பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் விறைக்கும். நின்றுவிட்டால் கால்மணி நேரத்தில் எல்லாம் போய்விடும். அடுத்த நாளும் அதே தூரத்தில், அதே மாதிரி. வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனார்கள். கட்டிலில் படுக்கவைத்துப் பார்த்தபோது கால் சுகமாக இருந்தது. எக்ஸ்ரேயும் நல்லது. "ஒண்டுமில்லை" என்று அனுப்பிவிட்டார்கள். அதன்பின் மைதானத்தில் அவனுக்குக் கிடைத்த பெயர், சாட்டுச் சொல்லுகிறவன்.

அவனைப் படுக்கவைக்கவில்லை, ஓடவிட்டேன். ஓடுவதற்கு முன் பாதத்தை என் கைக்கு எதிராக மேலே இழுக்கச் சொல்லிப் பலத்தைப் பார்த்து வைத்துக்கொண்டேன். "சேர், இப்ப தொடங்குது" என்று கையைக் காட்டியதும் இன்னும் ஒரு சுற்று ஓடச் சொல்லி, அப்படியே புல்லில் உட்காரவைத்துத் தொட்டேன். முன்தசை விரலுக்கு இடமே கொடுக்கவில்லை. பாதத்தை மேலே இழுக்கிற பலம் பாதியாகக் குறைந்திருந்தது. அரைமணி நேரம் கழித்துப் பார்த்தால் அது சாதாரணக் கால்தான். அந்த அரைமணி நேரத்துக்குள் பார்க்காத யாருக்கும் அவன் பொய் சொல்லுகிறவனாகத்தான் தெரிவான்.

முழங்காலுக்குக் கீழே தசைகள் நான்கு அறைகளாகப் பிரிந்திருக்கின்றன. முன்னால் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று, பின்னால் மேலோட்டமாக ஒன்று, அதற்கும் உள்ளே ஆழத்தில் ஒன்று. ஒவ்வோர் அறையையும் இலகுவில் விரியாத இழையுறை சுற்றியிருக்கிறது. ஓடும்போது தசைக்குள் இரத்தம் பாய்ந்து அதன் பருமன் 20 வீதம் வரை கூடலாம். பஞ்சைத் திணித்துக்கொண்டே போனாலும் தையல் விடாத தலையணையைப் போல, உறை அப்படியே இருக்க உள்ளே அமுக்கம் ஏறுகிறது. தசைக்குள் இரத்தம் போய்வருவது தடைப்படுகிறது, அந்த அறைக்குள்ளால் போகிற நரம்பும் அழுந்துகிறது. பையனின் விரலிடுக்கு விறைத்ததற்கு அதுதான் காரணம். முன் அறைக்குள்ளால் போகிற நரம்பு உணர்வு கொடுக்கிற இடம் அது. இதற்கு நாட்பட்ட கொம்பார்ட்மென்ட் சின்ட்ரோம் என்று பெயர். பெரும்பாலானவர்களுக்கு இரண்டு கால்களிலும் வரும்.

உறுதிப்படுத்துவதற்கு அறைக்குள் ஊசியை விட்டு அமுக்கத்தை அளப்பார்கள். அமெரிக்காவில் பெடோவிட்ஸ் என்ற ஆய்வாளரும் அவரோடு இருந்தவர்களும் 1990 இல் சொன்ன அளவுகளைத்தான் இன்றும் பலர் பயன்படுத்துகிறார்கள்: ஓடுவதற்கு முன் 15 மில்லிமீற்றர் பாதரசம் அல்லது அதற்கு மேல், ஓடி நின்று ஒரு நிமிடத்தில் 30 அல்லது அதற்கு மேல், ஐந்து நிமிடத்தில் 20 அல்லது அதற்கு மேல். இதில் ஒன்று இருந்தாலே போதும் என்பது அவர்கள் கணக்கு. ஆனால் சுகமான ஓட்டக்காரர் சிலருக்கும் இந்த அளவுகள் வருவதுண்டு. அதனால் எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. கதையும் எண்ணும் ஒத்துப்போக வேண்டும். இங்கேயும் விஷயம் அதேதான். ஓடி நோவு வந்த பிறகு அளக்காவிட்டால் ஊசி குத்தியதில் பெரிய பலன் இல்லை.

வைத்தியம் என்று வரும்போது, உறையைக் கீறித் தளர்த்துகிற சத்திரசிகிச்சைதான் நெடுநாளாக இருந்துவரும் வழி. முன் அறைக்கு அது பெரும்பாலும் நல்ல பலன் தருகிறது. பின்னால் ஆழத்திலுள்ள அறைக்கு அவ்வளவு நம்பிக்கையாகச் சொல்ல முடியாது. அதற்குமுன் முயன்று பார்க்க இன்னொரு வழி இருக்கிறது: ஓடுகிற விதத்தை மாற்றுவது. குதிக்காலை முன்னே நீட்டிப் போட்டு ஓடுகிறவருக்கு, பாதத்தைத் தூக்கிப் பிடிக்கிற முன்தசைக்கு வேலை அதிகம். அடியைச் சின்னதாக்கி, பாதத்தின் முன்பகுதி முதலில் படும்படி ஓடப் பழகினால் அந்தத் தசையின் சுமை குறையும். 2012 இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்க இராணுவத்தில் இதற்காகச் சத்திரசிகிச்சைக்குக் காத்திருந்த பத்துப் பேரை ஆறு கிழமை இப்படிப் பயிற்றினார்கள். அறை அமுக்கம் இறங்கியது. ஒரு வருடம் கழித்தும் அவர்களில் யாருக்கும் சத்திரசிகிச்சை தேவைப்படவில்லை. பத்துப் பேர் என்பது சின்ன எண்ணிக்கை, ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழுவும் இருக்கவில்லை. இருந்தாலும் கத்தி வைப்பதற்கு முன் சில மாதம் முயன்று பார்க்க இது போதுமான காரணம் என்பது என் எண்ணம். ஒரு எச்சரிக்கை: முன்பாதத்தில் ஓடும்போது சுமை கெண்டைக்காலுக்கும் குதிநாணுக்கும் மாறும். ஒரேயடியாக மாற்றினால் நோவு முன்னாலிருந்து பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். நூறு மீற்றர், இருநூறு மீற்றர் என்று கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பழக்க வேண்டும்.

அந்தப் பையன் இப்போது 1500 மீற்றர் நோவில்லாமல் ஓடுகிறான். 5000 இன்னும் வரவில்லை. வராவிட்டால் சத்திரசிகிச்சை பற்றி அவனும் வீட்டாரும் வைத்தியரோடு பேசி முடிவெடுப்பார்கள். அவன் தகப்பன் என்னிடம் சொன்னது நோவைப் பற்றியல்ல. "பிள்ளை பொய் சொல்லேல்லை எண்டு தெரிஞ்சதே காணும், தம்பி" என்றார்.

சரி, மற்ற நோவுகளுக்கு வருகிறேன். மாசியில் வருகிறவர்களில் ஆகக் கூடுதலானவர்களுக்கு இருப்பது ஷின் ஸ்பிளின்ட், அதாவது முதலில் சொன்ன எலும்பு மேலுறை நோவு. கணைக்கால் எலும்பின் உள்விளிம்பில், கீழ்ப்பாதியில், ஒரு சாண் நீளத்துக்குக்கூட நோகும். ஓடத் தொடங்கும்போது உளையும், உடம்பு சூடானதும் குறையும், வீட்டுக்குப் போய் இருந்து எழும்பினால் திரும்ப வரும். கொம்பார்ட்மென்ட் நோவுக்கு நேர்மாறான கடிகாரம் இது: அங்கே ஓட ஓடக் கூடும், இங்கே ஓட ஓட முதலில் குறையும். விரலால் அந்த விளிம்பைத் தடவிக்கொண்டு போனால் ஐந்து சென்ரிமீற்றருக்குக் குறையாத நீளத்துக்கு நோகும். இதற்கு ஊசியும் வேண்டாம், ஸ்கானும் வேண்டாம். ஓட்டத்தைக் குறைத்து, கெண்டைக்கால் தசையைப் பலப்படுத்தி, கிழமை கிழமையாகக் கூட்டினால் போதும். படியின் விளிம்பில் ஒற்றைக்காலில் நின்று குதிக்காலை மெதுவாக உயர்த்தி இறக்குவது, அதையே முழங்காலைக் கொஞ்சம் மடித்துச் செய்வது, இந்த இரண்டையும் நாள்தோறும் செய்தாலே பெரிய வித்தியாசம் தெரியும். கிழமைக்குப் பத்து வீதத்துக்கு மேல் தூரத்தைக் கூட்டாதே என்று ஒரு விதி சொல்வார்கள். நெதர்லாந்தில் புதிதாக ஓடத் தொடங்கியவர்களை வைத்து அதைச் சோதித்து 2008 இல் வெளியிட்டார்கள். அந்த விதிப்படி ஓடியவர்களுக்கும் மற்றவர்களுக்கும் காயத்தில் வித்தியாசம் வரவில்லை. எனக்கு அந்த எண்ணில் பிடிவாதம் இல்லை. ஓடிய அடுத்த நாள் காலையில் எழும்பும்போது எலும்பு நோகிறதா என்பதைத்தான் நான் கணக்கில் எடுப்பேன்.

ஷின் ஸ்பிளின்ட் என்று நினைத்து ஏமாந்துபோகிற இன்னொன்று எலும்பு வெடிப்பு. புதுச் சுமை வந்தால் எலும்பு தன்னைத் திருத்திக்கொள்ளும். ஆனால் அது பழைய எலும்பை முதலில் அரித்து எடுத்துவிட்டுப் பிறகுதான் புதிதாகக் கட்டும். எடுப்பதற்கும் கட்டுவதற்கும் நடுவில் சில கிழமைகள் எலும்பு நலிந்திருக்கும். தையில் தொடங்கிய பிள்ளை மாசியில் நோவோடு வருவது தற்செயலல்ல. வெடிப்பென்றால் நோவு ஒரு புள்ளியில் நிற்கும். ஒரு விரல் நுனியால் காட்டுவார்கள். உடம்பு சூடானாலும் குறையாது. ஒற்றைக்காலில் துள்ளச் சொன்னால் முகம் சுருங்கும். முற்றினால் நடக்கும்போதும், இரவில் படுத்திருக்கும்போதும் நோகும். எக்ஸ்ரேயில் முதல் இரண்டு மூன்று கிழமை ஒன்றும் தெரியாமல் போவது சாதாரணம். எக்ஸ்ரே நல்லது என்பதால் ஓடலாம் என்று யாரும் முடிவெடுக்கக் கூடாது. எம்.ஆர்.ஐ.யில்தான் ஆரம்பத்திலேயே தெரியும்.

உள்விளிம்பில், பின்பக்கமாக வருகிற வெடிப்பு பெரும்பாலும் ஓட்டத்தை நிறுத்தி ஆறு முதல் எட்டுக் கிழமை ஓய்வெடுத்தால் பொருந்திவிடும். எலும்பின் நேர் முன்பக்கத்தில், நடுப்பகுதியில் வருவதுதான் பயங்கரம். ஒவ்வொரு அடிக்கும் அந்த இடம் இழுபடுவதால் பொருந்த மாட்டேன் என்று நிற்கும். எக்ஸ்ரேயில் மெல்லிய கறுப்புக் கோடாகத் தெரியும். சிலருக்கு எலும்புக்குள் கம்பி வைக்க வேண்டி வரும். அந்த இடத்தை எண்ணெய் பூசி உருவிவிடுவதை நினைத்தாலே எனக்குப் பதைக்கிறது. தசை இறுக்கத்துக்கு உருவுவது சுகம் தரும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எலும்பில் ஒரு புள்ளியில் நோகிறதென்றால் யாரும் அதை அமுக்கி உருவ வேண்டாம்.

எலும்பு வெடித்து வருகிற பிள்ளைகளிடம் காலைப் பற்றிக் கேட்ட பிறகு சாப்பாட்டைப் பற்றிக் கேட்பேன். பதில் எப்போதும் ஏறக்குறைய ஒன்றுதான். காலையில் ரியூசன் முடித்துப் பள்ளிக்கூடம் போக நேரமில்லை என்று ஒரு தேத்தண்ணி. இடைவேளைக்கு ஒரு பணிஸ். பள்ளிக்கூடம் விட்டதும் அப்படியே பயிற்சி. பயிற்சி முடிந்து வியர்வையோடு இன்னொரு ரியூசன். ஒழுங்கான சோறு இரவு எட்டு மணிக்கு மேல்தான். யாரும் மெலிய வேண்டும் என்று பட்டினி கிடக்கவில்லை. ஆனால் ஓட்டத்துக்குச் செலவான சக்தியைக் கழித்தால் எலும்பு கட்டுவதற்கு உடம்பில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. சர்வதேச ஒலிம்பிக் குழு 2014 இல் இந்தச் சக்திக் குறைபாட்டுக்கென்று ஒரு கூட்டறிக்கையே வெளியிட்டது. எலும்பு மட்டுமல்ல, ஹோர்மோன், நோயெதிர்ப்பு, மனநிலை எல்லாம் இதனால் தளர்ந்துபோகும் என்றது. ஆண்பிள்ளைகளும் இதற்கு விலக்கல்ல.

பெண்பிள்ளைகளில் உடம்பு இதை மாதவிடாய் மூலம் முன்கூட்டியே சொல்லிவிடும். மூன்று மாதம் வராமல் நின்றுவிட்டால் அது பயிற்சி கடுமையாக நடக்கிறது என்பதற்கான நல்ல அடையாளமல்ல. சக்தி போதாமல் உடம்பு ஒவ்வொன்றாக வேலையை நிறுத்துகிறது என்று அர்த்தம். வைத்தியரிடம் காட்ட வேண்டும். எங்கள் ஊரில் இதை ஆண் பயிற்றுநர் ஒருவர் கேட்க முடியாது, பிள்ளையும் சொல்லாது. விளையாட்டுக்குப் பொறுப்பான ரீச்சர் ஒருவர் கேட்கலாம், தாய் கேட்கலாம். கேட்பதற்கு ஒருவரைப் பாடசாலை முன்னமே ஒழுங்கு செய்து வைத்திருக்க வேண்டும். சாப்பாட்டுக்கு வெளிநாட்டு மாவுப்பெட்டி தேவையில்லை. பயிற்சிக்கு முன் இரண்டு இடியப்பமோ கொஞ்சம் சோறோ, முடிந்த கையோடு பாலும் ஒரு முட்டையும், வீட்டில் குரக்கன், நெத்தலி, எள்ளுருண்டை, முருங்கையிலை. பையில் ஒரு சாப்பாட்டுப் பெட்டி கூடுதலாகப் போனாலே பாதிக் காரியம் முடிந்தது.

அபூர்வமானது, ஆனால் தவறவிடக் கூடாதது இரத்தக்குழாய் நெரிபடுவது. முழங்காலுக்குப் பின்னால் போகிற நாடியைக் கெண்டைக்கால் தசை நெரிக்கிறது. 1879 இல் எடின்பரோவில் அண்டர்சன் ஸ்ருவட் என்ற மருத்துவ மாணவர் வெட்டியகற்றிய ஒரு காலைப் பரிசோதித்தபோது நாடி தசையைச் சுற்றி வழிதவறிப் போயிருப்பதைக் கண்டு எழுதினார். இதில் கெண்டைக்கால் ஓடும்போது கடுக்கும், பாதம் குளிர்ந்துபோகும், வெளிறும், நின்றால் சில நிமிடங்களில் போய்விடும். கொம்பார்ட்மென்ட் நோவைப் போலவே இருப்பதால் அதற்கென்று சத்திரசிகிச்சை செய்தும் சுகம் வராதவர்கள் உண்டு. பரிசோதிப்பது இலகு: பாதத்தின் மேலும் உள்கணுக்காலுக்குப் பின்னாலும் நாடியைப் பிடித்துக்கொண்டு, பாதத்தைக் கீழே அழுத்தச் சொல்லிப் பாருங்கள், ஓடி வந்த உடனேயும் பாருங்கள். துடிப்பு மறைந்தால் இரத்த ஓட்டத்தைக் காட்டுகிற டொப்ளர் ஸ்கான் எடுக்க வேண்டும். சுகமானவர் சிலருக்கும் பாதத்தை அழுத்தும்போது துடிப்பு மறையும். ஆகவே துடிப்பு மறைவது கேள்வி கேட்கக் காரணம். முடிவு சொல்ல அது போதாது. அப்புறம் நரம்பு. காலின் வெளிப்பக்கம் கீழ்ப்பகுதியில் எரிவும் பாதத்தின் மேல் விறைப்பும் இருந்தால் அங்கே நரம்பு உறையைத் துளைத்து வெளிவரும் இடத்தைத் தட்டிப் பார்ப்பேன். நாரியிலிருந்து இறங்குகிற நோவும் இப்படி நடிக்கும்.

காத்திருக்கக் கூடாத சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். அடிபட்ட பிறகோ முறிந்த பிறகோ கால் வீங்கி, நோவு நேரத்துக்கு நேரம் கூடி, விரலை அசைத்தாலே தாங்க முடியாமல் போனால் அது உடனடியாக வரும் கொம்பார்ட்மென்ட் சின்ட்ரோம். மணித்தியாலக் கணக்கில் தசை செத்துவிடும். பிளாஸ்ரர் போட்ட கால் என்றாலும், இறுக்கிக் கட்டுப் போட்ட கால் என்றாலும் இதேதான். கட்டைத் தளர்த்திக்கொண்டு நேராக வைத்தியசாலைக்கு ஓட வேண்டும். விடியட்டும் என்று இருக்கக் கூடாது. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் இரத்தக் கட்டி இருக்கலாம். வளர்கிற பிள்ளைக்கு ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரவில் எழுப்புகிற நோவும், முழங்காலை ஒட்டி ஒரு வீக்கமும் இருந்தால், விளையாட்டுக் காயம் என்று மூடிவைக்காமல் அந்தக் கிழமையே எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள்.

இந்த மண்ணில் ஓடுகிற, பாய்கிற பிள்ளைகளுக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்டால், 1958 இல் டோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டில் உயரம் பாய்ந்து இலங்கைக்குத் தங்கம் கொண்டுவந்த எதிர்வீரசிங்கம் யாழ் மத்திய கல்லூரியில் படித்தவர். திறமைக்கு இங்கே குறைவு இருந்ததில்லை. தேசிய மட்டத்துக்குப் போகக்கூடிய ஒரு பிள்ளை பதினாறு வயதில் "கால் நோகுது" என்று சொல்லி, யாரும் நம்பாததால் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் போவதை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். அது எனக்குத் தாங்கவில்லை.

ஆகவே விளையாட்டுக்குப் பொறுப்பான சேர்மாரிடமும் ரீச்சர்மாரிடமும் ஒரு வேண்டுகோள். பிள்ளையைக் கிளினிக்குக்கு அனுப்பும்போது ஒரு தாள் எழுதிக் கையில் கொடுங்கள். எத்தனையாவது நிமிடத்தில் நோவு தொடங்குகிறது, நின்று எத்தனை நிமிடத்தில் போகிறது. ஒரு காலா, இரண்டு காலா. விரல் நுனியால் காட்டுகிறதா, உள்ளங்கையால் தடவிக் காட்டுகிறதா. விறைக்கிறதா, பாதம் குளிர்கிறதா. கடைசி இரண்டு மாதம் எவ்வளவு ஓடியது, இடையில் என்ன மாறியது. நோவு வந்த கையோடு ஓடுவதைக் கைத்தொலைபேசியில் பக்கவாட்டில் நின்று அரை நிமிடம் படம் பிடியுங்கள். ஓடுகிற சப்பாத்தையும் அரைக் காற்சட்டையையும் பையில் போட்டு அனுப்புங்கள். வைத்தியர் ஓடச் சொன்னால் அங்கேயே மாடிப்படியில் ஏறி இறங்கியாவது நோவை வரவழைத்துக் காட்டலாம். எலும்பில் ஒரு புள்ளியில் நோகிற பிள்ளையை மட்டும் அப்படி ஓடவிட வேண்டாம். அந்தப் பிள்ளைக்குத் தாளின் மேலேயே "ஓடச் சொல்ல வேண்டாம், எலும்பைப் பாருங்கள்" என்று எழுதிவிடுங்கள்.